பெயர் தெரியாத வாரிசுகள்

போன வருட மழைக்காலம். சட்டம் முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எங்களுக்கென்று சொத்து கிடையாது. அதனாலோ என்னவோ, சொத்து வழக்கு என்றாலே எனக்குக் கதை கேட்பது மாதிரி.

அப்படி வந்த வழக்கு இது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீடு, அக்கா தம்பி இருவருக்கும் பாத்தியப்பட்டது. இளவயதிலேயே பம்பாய் போன தம்பி, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே இறந்தும் போனார். அதற்குமேல் தகவல் இல்லை. கோர்ட் மூலம் வீட்டை விற்று அக்காவின் பங்கைக் கொடுத்தார்கள். தம்பியின் பங்கு கோர்ட் கணக்கில் இருந்தது. உத்தரவில் ‘பெயர் தெரியாத வாரிசுகளுக்கு’ என்று போட்டிருந்தது. இருக்கிறார்களா என்றே தெரியாதவர்களுக்குச் சொத்தா!

“யாருமே வரலைன்னா, சார்?”

“கிடக்கும்ப்பா. ரொம்ப வருஷம் கழிச்சு சர்க்கார் கணக்குக்குப் போகும். அப்பவும் வாரிசுன்னு நிரூபிச்சா வாங்கலாம்” என்றார் சீனியர்.

வாரிசுகளைத் தேட, வழக்கம்போல உள்ளூர்த் தமிழ்ப் பேப்பரில் விளம்பரம் கொடுக்கத் தயாரானோம். கையெழுத்து வாங்க, எங்கள் கட்சிக்காரரான அக்காவிடம் நான் போனபோது அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன் தம்பி, அவன் கட்டினது உருது பேசுற பம்பாய்ப் பொண்ணு. அவன் பிள்ளைங்க தமிழ் பேப்பர எங்க பார்க்கும்?”

எங்களில் யாருக்கும் இது தோன்றவே இல்லை.

பக்கத்தில் இருந்த மருமகன் சிரித்தார். “நல்லா கீது மாமி! யாரும் வரலைன்னா நாளைக்கு நாம கேட்டுப் பார்க்கலாம். நீங்க இன்னாடான்னா ஆளத் தேடிகினு கீறீங்க!”

“சும்மா இருங்க மாப்ள. அவன் பங்கத் தின்னுட்டு எனக்குத் தூக்கம் வருமா?”

கோர்ட்டில் அனுமதி வாங்கி, பம்பாயில் உருது, இந்திப் பேப்பர்களில் விளம்பரம் போட்டோம். செலவு அந்த அம்மாவுடையது.

சில வாரம் கழித்து ஆபீசுக்குப் போன் வந்தது. ஒரு இளைஞன், பேச்சு முழுக்க இந்தி. அவன் சொன்ன அப்பா பெயரும் தாத்தா பெயரும் பொருந்தின. அந்த அம்மாவையும் அதே லைனில் சேர்த்தேன். பிறகு அவன் திக்கித் திக்கி, அப்பா வாயில் கேட்ட தமிழாகத்தான் இருக்க வேண்டும், “வூடு கீதா?” என்றான்.

வாங்கியவர் வீட்டை இடித்து, புதுக் கட்டடத்துக்குத் தூண் எழுப்பியிருந்தார்.

“வூடு இல்லடா கண்ணு. நான் கீறேன், வா.”

அவன் வந்தான். வாரிசுச் சான்றிதழுக்கு இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம். இன்றும் ஏதாவது மனுவில் ‘பெயர் தெரியாத வாரிசுகள்’ என்று டைப் செய்யும்போது என் விரல் ஒரு நொடி நிற்கிறது. அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.