வேல்ஸ் மலையில் பறந்துபோன ராஜாளி

வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் மகள் ஷம்சியாவின் மாப்பிள்ளை கௌஸ் முகம்மது அங்கே போய் அடிபட்டு வந்த பிறகுதான் தெரியும். இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஆகஸ்ட் மாதம். அப்போது நாங்கள் பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால், ஒரே ரூமை நடுவில் திரை போட்டுத் தடுத்துக் குடியிருந்தோம். அவன் வாயால் சொன்னதையும், அவன் உடம்பில் நான் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கௌஸ் கீழக்கரைப் பிள்ளை. தண்ணீர் கேன் இறக்கும் வேலைக்குத்தான் துபாய் வந்தான். அவனை ராஜாளி வேலைக்கு இழுத்துப் போனவன் கலீலுர் ரஹ்மான். அவனும் எங்கள் ஊர்தான், வயதில் மூத்தவன், கௌஸ் அவனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். ஊருக்கு வெளியே அல் அவீர் பக்கம் ஓர் அரபி முதலாளியின் பண்ணை. அர்பாப், அர்பாப் என்பார்கள். அந்த அர்பாபின் வேட்டை ராஜாளிகளுக்குக் கலீல்தான் மேஸ்திரி. ஒவ்வொரு பறவைக்கும் ஏசி அறை, டாக்டர், பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. கௌஸின் பாஸ்போர்ட்டும் பறவைகளின் பாஸ்போர்ட்டும் அர்பாபின் ஒரே பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன.

பறவை தொலைந்தால் என்ன நடக்கும் என்பதை கௌஸ் அதற்கு முந்தின குளிர்காலமே பார்த்துவிட்டான். சுஐபு என்ற பையனின் கையிலிருந்து ஒரு பறவை பாலைவனத்தில் பறந்து போய்விட்டது. கலீல் அவனைப் பறவைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய், வண்டி கட்டி இழுக்கும் கயிற்றை இரண்டாக மடித்து அடித்தான். சட்டை கிழிந்து முதுகுத் தோலோடு ஒட்டிக்கொண்டது. சுஐபு ஓடிவிடாதபடி அவன் கை இரண்டையும் பிடித்திருந்தவன் கௌஸ். பிடிக்காவிட்டால் அடுத்த அடி தனக்கு என்று தெரியும். அடித்து முடித்த பிறகு, பறவையைத் திருடி விற்றுவிட்டான் என்று கேஸ் வேறு. சுஐபு ஜெயிலில் கிடந்து, அங்கிருந்தே ஊருக்கு அனுப்பப்பட்டான். அன்று அடி விழுந்த வலது கை விரல்கள் அவனுக்கு இன்றும் மடங்காது.

இதைத் தெரிந்துகொண்டுதான் கௌஸ் வேல்ஸுக்கு விமானம் ஏறினான்.

அந்த நாட்டில் மலைமேல் பண்ணை வைத்து ராஜாளிக் குஞ்சுகளை வளர்த்து அரபிகளுக்கு விற்கிறார்கள். அர்பாப் ஒரு வெள்ளைப் பெட்டையைப் படத்தில் பார்த்துப் பேசி முடித்திருந்தார். கலீலும் கௌஸும் போய், கொஞ்ச நாள் அதைக் கையில் பழக்கி, பறக்கவிட்டுப் பார்த்து, கொண்டுவர வேண்டும். அதுதான் டியூட்டி.

லண்டனில் இறங்கி வாடகைக் காரில் போனார்கள். கடலை வெட்டின மாதிரி ஒரு பெரிய பாலம், அதைத் தாண்டியதும் வேல்ஸ். போர்டில் எல்லாம் இரண்டு பாஷை. பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசியது என்றான் கௌஸ். மழை நிற்பதும் பெய்வதும் யாரோ குழாயைத் திருகுகிற மாதிரி இருந்ததாம். மலைச்சரிவெல்லாம் ஆடு, ஆட்டு முதுகில் நீலமும் சிவப்புமாய்ச் சாயம். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிச்செடி ஆள் உயரத்துக்கு. எதிரே வண்டி வந்தால் ஒருத்தர் பின்னால் போக வேண்டும். ஒரு கிழவி தன் காரைப் பின்னாலேயே வெகுதூரம் எடுத்து வழிவிட்டு, கையும் ஆட்டினாள். கலீல் திரும்பக் கையாட்டவில்லை.

"கையாட்டுனா கொறஞ்சா போவும், காக்கா?" என்றான் கௌஸ்.

"ஆட்டிக்கிட்டே இரு. ஓங்கூட்டுக்கு மருமவளாக் கூட்டிக்கிட்டுப் போ" என்றான் கலீல்.

ஒரு கடையில் ரொட்டி வாங்கும்போது கல்லாவில் இருந்த அம்மாள் கௌஸை 'என் அன்பே' என்று கூப்பிட்டாளாம். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவன் காது சிவந்து மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டான்.

பண்ணைக்காரர் ஓவன் என்று ஒருவர். பறவையைக் கொடுக்கும்போதே, நீளக் கயிறு இல்லாமல் பறக்கவிடாதே, காலில் ரேடியோ கட்டாமல் கயிற்றை அவிழ்க்காதே என்று சைகை காட்டிச் சொன்னார். இரண்டு நாள் அப்படியே செய்தார்கள். மூன்றாம் நாள் ஓவன் டவுனுக்குப் போயிருந்த நேரம் அர்பாபின் போன் வந்தது. பறவை கயிறு இல்லாமல் பறக்கிறதா என்று கேட்டார். பறக்கிறது என்று சொல்லிவிட்டான் கலீல். சொன்னதை உண்மையாக்கக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"ரேடியோ ரூமுல இருக்கு, காக்கா. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"எனக்கு நீ படிச்சுக் குடுக்கிறியா?" கலீல் தோல் கையுறையைக் கழற்றி, அதனாலேயே கௌஸின் முகத்தில் அடித்தான். மூக்கில் ரத்தம் வந்தது. கயிறு அவிழ்ந்தது. பறவை மேலே போனது, காற்று அதை ஏந்திக்கொண்டது, மலை முகட்டைத் தாண்டி வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது.

கலீல் கத்தவில்லை. போனை எடுத்து அர்பாபுக்கு அரபியில் பேசினான். கௌஸுக்கு அரபி தெரியாதென்று நினைத்துவிட்டானோ, தெரிந்தால் என்ன என்று நினைத்தானோ. "கௌஸ் முடிச்சைச் சரியாகப் போடவில்லை" என்றான். பறவை இல்லாமல் வந்தால் அவனை ஏர்போர்ட்டிலேயே போலீஸில் கொடு என்று அர்பாப் சொன்னது போனுக்கு வெளியே கேட்டது.

அங்கேயே எங்காவது ஓடிப் போயிருக்கலாமே என்று ஷம்சியா பின்னால் கேட்டாள். பெண்டாட்டியும் வயிற்றுப் பிள்ளையும் அர்பாபின் விசாவில் துபாயில் இருக்கும்போது எங்கே ஓடுவது?

ஊர் ஊராகப் போனார்கள். ஓவனும் ஒரு பக்கம் தேடினார். நிலக்கரி வெட்டி ஓய்ந்த ஊர்கள். மலையடியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுவராய்ப் போகும். பள்ளத்தில் ஆறு, பூட்டிக் கிடக்கும் சர்ச்சு, மூலைக்கு மூலை வறுத்த மீன் கடை. கௌஸ் இரண்டு கையையும் இறக்கைபோல் விரித்துக் காட்டி, "வெள்ளை, பெரிசு" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்பான். சனங்கள் நல்ல மாதிரி. நின்று கேட்டார்கள். வானத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். காரில் ஏறினால் கலீல் பேச மாட்டான். கியர் போடுகிற சாக்கில் முழங்கையால் விலாவில் இடிப்பான்.

அடுத்த நாள் சாயங்காலம் ஓர் ஊரில் காக்கைக் கூட்டம் சர்ச்சுக் கோபுரத்தைச் சுற்றிக் கத்தியது. உச்சியில் வெள்ளைப் பெட்டை உட்கார்ந்திருந்தது. கலீல் இறகு கட்டிய தோல் பொம்மையைச் சுழற்றிச் சுழற்றிக் கூப்பிட்டான். அது எதையோ அடித்துத் தின்றிருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. காரிலேயே படுத்தார்கள். விடிந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. இப்போது பசி வந்திருந்தது, ஆனாலும் பொம்மைக்கு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பாலைவனத்தில் அடம் பிடிக்கும் ராஜாளிக்கு ஒரே வழிதான். உயிருள்ள புறாவின் காலில் கயிறு கட்டி ஆகாயத்தில் வீசுவது. ராஜாளி பாய்ந்து அடித்துத் தரையில் உட்கார்ந்து தின்னும். அப்போது ஆள் தவழ்ந்து போய் அதன் காலைப் பிடித்துக்கொள்வான். இதற்கென்றே துபாய் டேரா சந்தையில் கூண்டு கூண்டாகப் புறா விற்கிறார்கள். ஒரு புறாவுக்காக ஒரு மனிதன் அழுவான் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

ஊர்க்கோடியில் ஒரு மதில்மேல் புறா ஒன்று களைத்து உட்கார்ந்திருந்ததை கௌஸ் பார்த்தான். ரொட்டித் துண்டை நீட்டினான், கைக்கே வந்துவிட்டது. காலில் ஒரு வளையம் இருந்தது. அல்லாஹ் அனுப்பின புறா என்று நினைத்து அந்த வளையத்துக்கு மேலேயே கயிற்றைக் கட்டினான். பந்தயப் புறா என்று ஒன்று உண்டு, பந்தயத்தில் பறந்து களைத்த புறா வழியில் இப்படி இறங்கி இளைப்பாறும், சரிவில் தெரிந்த தகரக் கொட்டகைகளெல்லாம் பந்தயப் புறாக் கூடுகள், அந்தக் கோடை முழுக்க ராஜாளிகள் அந்த ஊர்க்காரர்களின் புறாக்களைக் கொன்று தின்றிருந்தன, இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?

சர்ச்சுக்குப் பக்கத்துப் புல்வெளியில் நின்று புறாவை வீசினான். வெள்ளைப் பெட்டை கோபுரத்திலிருந்து கல் மாதிரி விழுந்தது. அடித்த சத்தம் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி கேட்டதாம். புறாவின் தலை பிய்ந்து தொங்கியது. ராஜாளி அதன்மேல் இறக்கையை விரித்து மூடிக்கொண்டு நெஞ்சைக் கிழிக்க ஆரம்பித்தது. கௌஸ் தவழ்ந்து போனான். அதன் காலில் கிடந்த தோல் வாரைப் பிடித்தும்விட்டான்.

அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் வயதானவர், கையில் மண்வெட்டி. கயிற்றையும் பார்த்தார், வளையத்தையும் பார்த்தார். அவர் முகம் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது என்றான் கௌஸ். மண்வெட்டியை ஓங்கினார். ஓங்கியது இவன்மேல் இல்லை, ராஜாளிமேல்.

இவன் பறவைமேல் கவிழ்ந்து படுத்துவிட்டான். முழங்கையை ஊன்றி, அதன்மேல் பாரம் விழாமல் கூரை போட்டதுபோல் கிடந்தான். மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியது. மற்ற இருவரும் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். விலா ஒடிந்ததை இவன் காதாலேயே கேட்டான். கீழே பறவை மிரண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. ஒரு கால் நகம் இவன் முன்கையில் ஏறி எலும்பில் முட்டியது, இன்னொன்று வயிற்றுச் சதையில். மேலே பூட்ஸ், கீழே நகம். கத்தினால் பறவை இன்னும் மிரளும் என்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். தலையில் ஓர் உதை விழுந்து காதிலிருந்து ரத்தம் புல்லில் சொட்டியது.

அவர்களை நிறுத்தியவர் அந்தக் கிழவர்தான். என்னவோ சொல்லிக் கத்தி மற்ற இருவரையும் இழுத்து விட்டார். பிறகு மண்டியிட்டு, பிய்ந்துபோன புறாவை இவனுடைய வயிற்றுக்கடியிலிருந்து உருவி, காலைக் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார். போகும்போது அவர் தோள் குலுங்கியது.

இவ்வளவும் நடக்கும்போது கலீல் எங்கே? காருக்குள். ஒரு கூப்பிடு தூரத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு, துடைப்பான் ஓட ஓட, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் கொட்டகைக்குள் போனதும் இறங்கி வந்தான்.

"பறவ உசுரோட இருக்கா?" என்றான்.

கௌஸ் நகங்களை ஒவ்வொன்றாகச் சதையிலிருந்து கழற்றினான். பறவைக்குக் கண்மூடித் தொப்பியை மாட்டி, கலீலின் கையுறையில் ஏற்றி, வாரை அவன் விரல்களில் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"கெட்டியாப் புடிச்சுக்கிட்டீகளா, காக்கா?"

"புடிச்சிருக்கேன். ஏன்?"

கௌஸ் கல்லை எடுக்கவில்லை, குச்சியை எடுக்கவில்லை. நல்லதாய் இருந்த கையை முஷ்டியாக்கி, உடம்பில் மீதியிருந்த பலம் அத்தனையும் சேர்த்து கலீலின் வாயில் குத்தினான். கலீலால் கையை ஓங்க முடியவில்லை, உடம்பு ஆடினால் பறவை தவறும். கௌஸ் இன்னொன்று குத்தினான். கலீல் வாய் நிறையப் பல்லும் ரத்தமுமாகப் புல்லில் உட்கார்ந்தான். பறவை மட்டும் அவன் கையில் நேராக நின்றது.

போலீஸ் வந்தது. ஒரு பெண் போலீஸ் கௌஸை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், விலாவுக்குக் கட்டுப்போட்டபின், தமிழ் தெரிந்த ஒருத்தரைப் போனில் பிடித்துப் பேச வைத்தாள். அடித்தவர்கள்மேல் புகார் கொடுக்கிறாயா என்று கேட்டாள். உயிருள்ள புறாவைக் கட்டி வீசுவது அந்த நாட்டில் குற்றம் என்பதையும் சொன்னாள்.

"வேணாம். அவரு புறாவ நான்தான் கொன்னேன்" என்றான் இவன். அந்தப் பக்கமும் புகார் வரவில்லை. விட்டுவிட்டார்கள்.

துபாய் வந்ததும் அர்பாபின் மஜ்லிஸ் கூடத்தில் இருவரையும் நிற்க வைத்தார்கள். அர்பாப் பறவையின் இறகை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் ஒடியவில்லை. பிறகு கௌஸின் கைக்கட்டைப் பார்த்தார், கலீலின் வாயைப் பார்த்தார். முடிச்சை யார் விட்டது என்று கௌஸிடம் கேட்டார். கலீலின் கண் பறவைக் கொட்டகைப் பக்கம் போனதை கௌஸ் பார்த்தான்.

"காத்து ஜாஸ்தி, அர்பாப். காத்துதான் கொண்டு போச்சு" என்றான் அரபியில்.

கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார் அர்பாப். என்ன வேண்டும், கேள் என்றார். கௌஸ் பாஸ்போர்ட்டையும், வேறு இடத்தில் வேலை பார்க்க விடுதலையையும் கேட்டான். அர்பாபுக்கு முகம் சுண்டியது. ஆனாலும் ஆள் அனுப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது பர் துபாயில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறான். கலீல் கட்டின பல்லோடு அதே பண்ணையில்தான் இருக்கிறான்.

எனக்கு ஆறவில்லை. "அவன் பேரச் சொல்ல ஒனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பேன். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "சொல்லியிருந்தா சுஐபு மாதிரி அவரையும் கொட்டகைக்குக் கொண்டு போயிருப்பாங்க, மாமி. புடிச்சுக்கன்னு என்னத்தான் கூப்பிடுவாங்க."

ஷம்சியா திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் விடவில்லை. பிடிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.