எனக்கு முதுகு காட்டி

எங்கள் ரக்பி போட்டிகளுக்கு முதலுதவிப் பையோடு வருகிறவர் அக்குறணையில் கடை வைத்திருந்தார். வெள்ளைத் தொப்பி, சேறு அப்பிய செருப்பு. தலையில் அடிபட்டவன் முன்னால் முழந்தாளிட்டு எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "கடைசியா ட்ரை வச்சது யாரு, மகன்?" பதில் பிழையானால் ஆள் வெளியே. கப்டனாகிய நான் கெஞ்சினாலும் விடமாட்டார்.

அன்று நாங்கள் இரண்டே புள்ளிகள் முன்னால் இருந்தோம். மோதி விழுந்த எங்கள் சிறந்த ஆட்டக்காரன் பதில் தெரியாமல் விழித்தான். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து எடுத்த கடைசி ட்ரை என்னுடையது. அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"கப்டன்," என்றான் அவன். அவரும் நம்பி ஆட விட்டுவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் விழுந்தான். கண் திறந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நான் கேட்டது அவன்ட தலைக்கிட்ட, தம்பி. பதில் சொன்னது நீங்க," என்றார்.

அவன் அதன் பிறகு விளையாடவேயில்லை. அவர் தொடர்ந்து வந்தார். ஆனால் கேள்வி கேட்குமுன், அடிபட்டவனின் தோளைப் பிடித்து, எனக்கு முதுகு காட்டித் திருப்பி உட்காரவைப்பார்.