டயாட்டம் பிடிக்க மாமல்லபுரம் போன கதை

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு மகாபலிபுரம் போகலாமா என்று உமா கேட்டபோது நான் நன்றாக ஏமாந்துபோனேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் என் மனைவி தானாக எங்கேயும் கூப்பிட்டது கிடையாது. கூலிங் கிளாஸெல்லாம் துடைத்து வைத்தேன். அப்புறம்தான் சொல்கிறாள், போவது பாசி பிடிக்க என்று.

உமா கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறாள். பகுதி நேரமாக பிஎச்.டி., இது ஆறாவது வருடம். ஆராய்ச்சி டயாட்டம் பற்றி. கடலில் மிதக்கிற ஒற்றைச் செல் பாசி அது. மூடி போட்ட சம்புடம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்ணாடி ஓடுகள். இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு ஓட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளே பொருந்துகிற மாதிரி இன்னொன்று செய்துகொள்ளும். மூடி கிடைத்தது பழைய அளவிலேயே இருக்கும். அடிப்பாகம் கிடைத்தது ஒரு சுற்று சின்னதாகிவிடும். இப்படியே சுருங்கிச் சுருங்கி, இனி முடியாது என்கிற நிலையில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உருண்டையாக ஊதிப் பெருத்து, மறுபடி முழு அளவில் ஆரம்பிக்கும்.

அந்த ஊதுகிற கட்டத்தைத்தான் உயிரோடு படம் எடுக்க வேண்டும். ஆறு வருடமாக அவள் கண்ணில் அது படவே இல்லை. படம் இல்லாமல் நாலாம் அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கைடு சொல்லிவிட்டார். ஜூனில் பதிவு முடிகிறது. அதற்கப்புறம் ஆறு வருடமும் அம்போ.

கூடுவாஞ்சேரியில் காலை ஆறு பத்துக்கு மின்சார ரயில், செங்கல்பட்டுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஸ்டேஷன் எதிரில் பொங்கல் வடை சாப்பிட்டேன். அது ஒரு பெரிய தப்பு என்பது கடலில் தெரியும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையையும் தன் சொந்த எதிரியாக நினைக்கிறார்.

கடற்கரையில் ஏழுமலை என்கிற மீனவர் ஃபைபர் போட்டில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு நானூறு கேட்டார். முந்நூறுக்கு முடிந்தது. வளையமும் வாளியும் பாட்டிலுமாக நாங்கள் ஏறுவதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா சார், கவர்மெண்டா? மறுபடி சுனாமி கினாமி வருதா?"

"இல்லைங்க, பாசி பிடிக்கறோம்" என்றாள் உமா. "கண்ணுக்குத் தெரியாது. மத்தி மீனெல்லாம் இதைச் சாப்பிட்டுத்தான் வளருது."

"அப்போ நீ அத்த புடிச்சினு பூட்டா மத்திக்கு இன்னா கீது?"

உமா ஒரு சொட்டில் எத்தனை இருக்கும், மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீர் கடலில் சேர்ந்த பிறகு அவை எப்படிப் பெருகும் என்றெல்லாம் பாடமே எடுத்தாள். அவர் தலையாட்டிவிட்டு என்னிடம் மெதுவாக, "நல்லாத்தான் பேசுது" என்றார்.

பாசி பிடிக்க ஒரு வலை வேண்டும். பாவாடை மாதிரி மேலே அகலமாக, கீழே குறுகி, நுனியில் பாட்டில். ஸ்கிரீன் பிரிண்டிங் துணியை பாரிமுனையில் வாங்கி, எங்கள் தெரு லேடீஸ் டெய்லரிடம் உமா தைக்கக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை ராத்திரி பேப்பர் சுற்றிக் கொடுத்தார். போட்டில்தான் பிரித்தோம். அவசரத்தில் வளையத்தை மாட்டிக் கடலில் இறக்கினாள். அவ்வளவுதான், போட் நின்றுவிட்டது. எஞ்சின் கதறுகிறது, நகர மாட்டேன் என்கிறது.

"யம்மா, இன்னாத்தமா புடிச்ச? திமிங்கலமா?"

மூன்று பேருமாக இழுத்துப் போட்டோம். உள்ளே ரோஸ் கலர் பாப்ளின். வலை முழுக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாதபடி, நறுவிசாக லைனிங் கொடுத்துத் தைத்திருந்தார் மனுஷன். உமா நடுக்கடலிலிருந்தே செல்போனில் அவரைக் கூப்பிட்டாள்.

"துணி ஒரே ஜல்லடையா கீதே மேடம். பாப்பா போட்டா உள்ள எல்லாம் தெரியும். அதான் லைனிங் குத்தேன். காசு கூட வாங்கலியே!"

"எந்தப் பாப்பா?"

"டான்ஸ் டிரஸ் இல்லியா மேடம் அது?"

உமா போனை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த பயத்தினாலா அலையினாலா தெரியவில்லை, எனக்குப் பொங்கல் வெளியே வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவை மடிப்பிலிருந்த ஊக்கைக் கழற்றித் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கிழிந்தால் போச்சு, அடுத்த வலைக்கு நாளும் இல்லை, காசும் இல்லை. போட் ஆடுகிறது, புடவை நனைகிறது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பிரிக்கிறாள். ஏமாற்றிக் கூட்டி வந்தாளே என்கிற கோபமெல்லாம் போய் எனக்குப் பாவமாகிவிட்டது. ஏழுமலை எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். லேட்டானதற்கு நூறு ரூபாய் கூடுதல், ரோஸ் துணியும் அவருக்கு.

வலை மறுபடி இறங்கியது. பாட்டிலில் கஞ்சித் தண்ணீர் போல லேசாகப் பழுப்பாக ஏதோ வந்தது. உமா சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இன்னொரு தலைவலி. பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பேர்போன திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு மாமி பக்கத்தில் உட்கார்ந்து, "சங்கு தீர்த்தமா? ஒரு உத்தரணி குடும்மா" என்று கையை நீட்டிவிட்டார். கடல் தண்ணீர் என்று சொன்னால் நம்பவில்லை. "தீர்த்தத்தைக் கூடவா ஒளிச்சு வெப்பா?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். செங்கல்பட்டு வரை ஊரே எங்களைக் கஞ்சர்களாகப் பார்த்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போட்டில் ஏறும் முன் வயிற்றில் ஒன்றும் போடாதீர்கள். ஒன்பது மணிக்குள் கடலில் இருங்கள், வெயில் ஏறினால் காற்று பிடித்துவிடும். பாட்டிலை முக்கால்தான் நிரப்ப வேண்டும், பாசிக்கும் மூச்சு விட இடம் வேண்டும். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை காலை ஒன்று நடந்தது.

சுருங்கிப்போன டயாட்டங்களாகப் பொறுக்கி, கண்ணாடித் தட்டில் விட்டு ஜன்னலோரம் வளர்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக மணிக்கொரு தரம் கல்லூரியில் இரவல் வாங்கி வந்த மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தாள். அன்று அவள் சமையலறையில் இருந்தபோது நான் சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு டயாட்டத்தின் இரண்டு ஓடும் பிளந்து கிடந்தன. உள்ளேயிருந்து என்னவோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"உமா, ஒண்ணு செத்துப் போச்சு, உடைஞ்சு கிடக்கு!"

கரண்டியோடு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை. "சாகலைங்க" என்றாள். "ஊதுது." கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டது. கேமராவை எடுத்தாள், கண்ணீரில் ஒன்றும் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். "நீங்களே எடுங்க."

அன்றைக்கு எனக்கு ஆபீஸும் இல்லை, சாப்பாடும் இல்லை. வரிசையாக எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதைக் கீழே போட்டிருக்கிறேன். பார்த்தால் அப்பளத்தில் எழும்பின கொப்புளம் மாதிரிதான் இருக்கும், சட்டென்று தாண்டிப் போய்விடாதீர்கள். இதைப் பார்க்கத்தான் என் பெண்டாட்டி ஆறு வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.