நான் தின்ற வாழைக்குலை

கிளிநொச்சியில் சட்டத்தரணியாகவும் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசாகவும் இருந்த காலத்தில் எத்தனையோ சான்றுப்பொருட்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றுவிட்டேன்.

வட்டக்கச்சியில் தவமணி என்ற தையல்காரி வீட்டோடு ஒரு காணி வாங்கினார். விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதியவன் நான். விற்றவர் குலேந்திரன்; பின்காணியில் அவருடைய தங்குவிடுதி இருக்கிறது. கையெழுத்து வைக்கிற நேரத்தில் தவமணி கேட்டார்: "ஆடி வெயிலிலயும் வாழை இப்பிடி நிக்குது. கீழால குழாய் கிழாய் ஏதும் போகுதோ?"

"சேச்சே, ஒண்டுமில்லை தங்கச்சி. அது ஊத்து மண்," என்றார் குலேந்திரன்.

சாட்சிகள் இருவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அடுத்த கிழமை தவமணி நன்றிக்கு அந்த வாழையில் வெட்டிய ஒரு கதலிக்குலை கொண்டுவந்தார். நல்ல இனிப்பு.

ஆறு மாதம் கழித்து ஒரு போத்தலோடு வந்தார். சமைக்கக் குசினி கட்ட அத்திவாரம் வெட்டியபோது மண்வெட்டி ஒரு குழாயில் பட்டிருக்கிறது. விடுதியின் மலசலகூடக் கழிவு இவர் காணிக்கு அடியால் வந்து, வாழையடியில் இருந்த குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. போத்தலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். மூடியைத் திறந்தவுடன் மூடச் சொன்னேன்.

"பிள்ளையள் ரெண்டுக்கும் வயித்தாலை போகுது சேர். நாளைக்கே குழாயை வெட்டி சீமெந்தால அடைக்கப்போறன்."

"அடைச்சா எல்லாம் உங்கட வளவுக்கதான் பொங்கும். பிறகு அவர் வழக்காளி, நீங்கள் எதிராளி. பொறுங்கோ."

வழிகளைச் சொன்னேன். விற்பனையை ரத்துச்செய்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். காணியை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கக் கேட்கலாம். குழாயை அகற்றுவித்து நட்டஈடும் கேட்கலாம். குழாய்க்கு உரிமை கொடுத்து எந்த உறுதியும் இல்லை. குழாய் போட்டே மூன்று வருடம்தான் என்பதால் பத்து வருடப் பாவனையைக் காட்டி உரிமை கோரவும் குலேந்திரனால் முடியாது. எதைச் செய்வதென்றாலும் முதலில் படம் எடுக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை வேண்டும், பிரதேச சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும்.

"எனக்குக் காணிதான் வேணும். என்ர பிள்ளையள் அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கோணும்."

ஒரு சிக்கல் இருந்தது. 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது' என்று உறுதியில் எழுதியவனே நான்தான். வழமையாகப் போடுகிற வரி, யோசிக்காமல் போட்டிருந்தேன். அதை உடைக்க, குலேந்திரன் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும். உறுதிச் சாட்சிகள் இருவரும் அவருடைய மைத்துனர்மார், வாய் திறக்கமாட்டார்கள். மிச்சம் நான். சாட்சி சொன்னால் பிறகு அந்த வழக்கில் வாதாட முடியாது. குலேந்திரனின் உறுதிகள் இனி என் பக்கம் வரவும் மாட்டா. கொஞ்சம் கசந்தது, மறுக்கவில்லை.

வழக்குக்கு முன் சமரசம் பேசும் மத்தியஸ்த சபையில் குலேந்திரன், "எனக்கு ஒண்டும் தெரியாது," என்றார்.

நான் எழுந்தேன். "கீழால குழாய் போகுதோ எண்டு இவா கேட்டவா. ஒண்டுமில்லையெண்டு நீங்கள் சொன்னனீங்கள். என்ர மேசையில, என்ர காதால கேட்டனான். நீதிமன்றத்திலயும் இதைத்தான் சொல்லுவன்."

குலேந்திரன் குழாயை எடுக்கவும், தன் காணியில் புதுக் குழி கட்டவும், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு காணியைக் கோடையில் போய்ப் பார்க்காமல் நான் ஓர் உறுதியும் எழுதியதில்லை. பச்சையாக ஏதும் நின்றால், யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்பேன்.

அடுத்த ஆடியில் தவமணி மறுபடியும் ஒரு போத்தல் கொண்டுவந்தார். பரிசோதகர் தண்ணீர் நல்லதென்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் மூடியைத் திறந்து முழுவதையும் குடித்தேன்.

"வாழை எல்லாம் வாடிப்போச்சு சேர்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.