சூசை அண்ணாச்சியின் தாடையும் கன்னத்துப் பள்ளமும்

சூசை அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார். தொண்ணூற்றாறு வயது.

துக்கத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன்... ஒரு ஜிம்காரன் அதைக் கெடுத்துவிட்டான்.

ஃபேஸ்புக்கில் தன் ஜிம்முக்கு ஒரு விளம்பரம் போட்டிருக்கிறான், அவன் பக்கத்தில் அண்ணாச்சி படம். கீழே, "பாக்ஸிங் செதுக்கிய தாடை! நீங்களும் வாங்க, ஆஃபர் உண்டு."

தூத்துக்குடி ஹார்பரில் எங்களுக்கு ஒரே ஆபீஸ். நான் புதிதாகச் சேர்ந்தவன், அவர் ரிட்டயர் ஆகப் போகிறவர். அந்தச் சதுரத் தாடையைப் பார்த்து நானும் கேட்டிருக்கிறேன். "குத்து வாங்கி வாங்கித்தான் இப்படி ஆச்சா அண்ணாச்சி?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். "ஏளா பிலோமி, இங்கன வா."

மகள் வந்தார். அச்சு அசல் அதே தாடை.

"நீ யாருகிட்டளா குத்து வாங்குன?"

"ஒங்களுக்கு மகளாப் பொறந்தம்லா, அதுதான் குத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு என் விரலைப் பிடித்து இடது கண்ணுக்குக் கீழே வைத்தார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

"தாடை எங்க அப்பா குடுத்தது. குத்து குடுத்தது இதுதாம்ல."

1940-களின் கடைசியில், அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இளவயதில், ஒரு மானேஜர் தன் பொழுதுபோக்குக்கு அவரை ஒரு கப்பல்காரனோடு மோதவிட்டிருக்கிறான். இரண்டாவது ரவுண்டில் கன்ன எலும்பு நொறுங்கியது. நிறுத்தவில்லை. இன்னும் மூன்று ரவுண்டு... மறுநாள் மூட்டை தூக்கவும் வரச் சொன்னான்.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். டீ ஊற்றக்கூட இடது கண்ணை மூடிக்கொள்வார்.

போன வருஷம் இந்த ஜிம்மில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை கவசம் இல்லாமல் வெறும் முகத்தில் குத்தவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனார்.

"அடிபட்டாத்தான் எலும்பு வளரும் தாத்தா" என்றான் அந்த ஜிம்காரன்.

"வளராதுலே, ஒடையும்! தொட்டுப் பாரு!" கத்திக் கத்தி அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது.

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தான்.

அந்தப் படம்தான் இது. பள்ளத்தை ஃபில்டர் போட்டு நிரப்பியிருக்கிறான்!

போன் பண்ணித் திட்டினேன். "ரீச் நல்லாப் போகுது சார்" என்கிறான். ச்சை...

அங்கே பிள்ளையை அனுப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே போய்க் கூட்டி வாருங்கள்.

நாளை மாலை நான்கு மணிக்கு அடக்கம். பிலோமி அக்கா தனியாக இருக்கிறார், முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி.