கடலுக்கு 140 எட்டு

ஸ்டெல்லா இறந்து ஓராண்டு ஆனதும், திருமணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் ஒருமுறை நின்றுவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. திருவொற்றியூருக்குச் சற்று முன்னால், கடலை ஒட்டிய தெரு. வேலை டெல்லிக்கு மாறியபின் அந்தப் பக்கம் போனதில்லை. சென்ற சனிக்கிழமை காலை 6.10க்கு ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன்.

கையில் இரண்டு வரைபடங்கள். ஒன்று, பிரவுசிங் சென்டரில் பத்து ரூபாய்க்கு அச்செடுத்த இணைய வழி: 5.2 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம். தெருவின் பெயர் அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை. பக்கத்து மாதா கோயிலைச் சொன்ன பிறகே வழி காட்டியது. மற்றது, மடிப்புகளில் கிழிந்த பழைய நகர வரைபடம். அதில் தெரு இருக்கிறது. ஊருக்குப் புதியவனான எனக்காக ஸ்டெல்லா பென்சிலால் வீட்டைக் குறித்து, "வாசலிலிருந்து கடல் 140 எட்டு" என்று எழுதியிருந்தாள்.

அச்சுத்தாள் கன்டெய்னர் லாரிகள் உரசும் பெருஞ்சாலையை விட்டு விலகவே இல்லை. நாற்பது நிமிடத்தில் அதைப் பையில் போட்டேன். கணினிக்கு வடசென்னை தெரியாது என்று இந்தப் பதிவின் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன். பழைய வரைபடத்தின்படி வலப்பக்கம் திரும்பினேன். 7.25க்குத் தெரு வந்தது. நான்கு வீடுகள். அதன்பின் கருங்கல் குவியல். அப்புறம் கடல்.

கற்களில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தோணி, நாற்பது வயதிருக்கும்.

"இன்னா நைனா, பேப்பர வெச்சிகினு கடலாண்ட இன்னா தேடுற?"

"இங்கே ஒரு வீடு இருந்தது தம்பி. பதினொன்றாம் நம்பர்."

"வூடா? மொத்த வரிசையும் தண்ணில கீது. படகுலேர்ந்து பாத்தா மாதா கோயில் கோபுரமும் பின்னால அந்தப் பொகபோக்கியும் ஒரே நேரா வந்துச்சுன்னா வலைய தூக்கிடுவோம். அடில செவுரு. மாட்டுனா கீஞ்சிடும்." கையை நீட்டி ஓரிடத்தைக் காட்டினார். பிறகு சிரித்தார். "உன் செவுரா அது? என் வலைய ரெண்டு வாட்டி கீச்சிகீதுபா!"

அவர் காட்டிய இடத்தில் அலை மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடக்கப் போகிறவர்களுக்கு: பெருஞ்சாலைக்கு அச்சுத்தாள் போதும், தூரக் கணக்கும் சரியாகவே இருக்கிறது. கடல் பக்கம் திரும்பினால் வலை பின்னுபவர்களைக் கேளுங்கள். கற்கள் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். திரும்பப் பாரிமுனைக்குப் பேருந்து ஆறு ரூபாய்.

நானும் எட்டு வைத்து எண்ணிப் பார்க்கத்தான் வந்திருந்தேன். தண்ணீரில் முதல் எட்டையே வைக்க முடியவில்லை.