மோவாயால் காட்டிய வேலை

கட்டட சைட்டில் சூப்பர்வைசராகப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தப்பில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லக்கூடாத வேலைகளும் எங்கள் தொழிலில் உண்டு. அவற்றை மோவாயால் காட்டுவோம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, அதுவாகவே வந்துவிடும். பிறகு எவராவது கேட்டால், நான் சொல்லவேயில்லை என்று கோயிலில் நின்றுகூடச் சத்தியம் செய்யலாம்.

அப்போது கெலுகோர் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தோம். அன்று ஒன்பதாம் மாடித் தளத்துக்குக் காங்கிரீட். அக்கரையில் பிறை என்ற ஊரில் கலந்து, லாரியில் ஏற்றி, கடல் பாலம் தாண்டிக் கொண்டுவருவார்கள். காலையில் மூன்று லாரிகள் ஒழுங்காக வந்தன. பிறகு பாலத்தில் ஏதோ விபத்து. நான்காவது லாரி வந்து சேர்ந்தபோது கலந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் சைட்டின் விதி. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

திருப்பி அனுப்பினால் தளம் பாதியில் நிற்கும். முந்தின வாரம்தான் புரோஜெக்ட் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவ லேட்டாச்சின்னா நீ வேற சைட் பாத்துக்கலாம்லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் பயப்பட வேண்டும்.

காங்கிரீட் கட்டி தட்டிப்போயிருந்தது. தண்ணீர் விட்டால் இளகிவிடும், பம்ப்பும் இழுத்துக்கொள்ளும். பலம் குறையும் என்பது சைட்டில் எல்லோருக்கும் தெரியும். லாரிக்குப் பக்கத்தில் நின்றவர் காங்கிரீட் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். காங்கிரீட்டைக் கையில் எடுத்துப் பிசைந்தே அதன் பதத்தைச் சொல்லிவிடுவார். சோதனை செய்து பார்த்தால் சரியாக இருக்கும்.

"சார், இது ஆகாது. திருப்பி அனுப்பிருவோம்" என்றார்.

தரையில் கிடந்த தண்ணீர்க் குழாயை மோவாயால் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடியும் காட்டினேன். காட்டிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குழாயை எடுத்துக்கொண்டு லாரியின் ஏணியில் ஏறினார்.

எங்கள் வேலையைச் சரிபார்க்கும் கன்சல்டன்ட் எஞ்சினியர் அம்மா சாப்பிடப் போயிருந்தவர், அரைமணி முன்னதாகவே திரும்பி வந்துவிட்டார். ஏணியில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். "சியாப்பா சுரோ?" என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். யார் செய்யச் சொன்னது என்று.

பத்துப் பேர் நின்றிருந்தோம். எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் எதுவும் சொல்லவில்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை, அது பொய். கூசிற்று. கூசியும் சொன்னேன்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். என்னை மாட்டிவிட ஒரு வார்த்தை போதும், அவருக்கு அவ்வளவு மலாய் தெரியும். "சோரி மேடம்" என்று மட்டும் சொன்னார். காங்கிரீட் என்றால் என்னவென்றே தெரியாத ஆளை ஏன் இந்த வேலையில் விடுகிறீர்கள் என்று அந்த அம்மா எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டார். இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

லாரி திரும்பிப் போனது. தளமும் பாதியில் நின்றது. நான் பயந்ததெல்லாம் நடந்துவிட்டது, என் வேலை மட்டும் போகவில்லை. நடவடிக்கை எடுத்ததாகக் கம்பெனி காட்ட வேண்டியிருந்தது. அவருடைய வேலை பெர்மிட் அடுத்த மாதம் முடியவிருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். அதற்கான ரிப்போர்ட்டை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். உத்தரவு இல்லாமல் தொழிலாளி தானாகவே தண்ணீர் சேர்த்தார் என்று எழுதினேன். ஒரு வரியை மாற்றியிருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார். முழுதாக மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கார்க் கடன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவருக்கும் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நாள்களில் அவர் வழக்கம்போல வந்தார், வேலை பார்த்தார், போனார். என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினார். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்குத்தான் அது நன்றாக வருமே. அந்த வழியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை டீ நேரத்தில் என் கேபினுக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். வேண்டாம் என்றாலும் எப்போதும் கழற்றுவார்.

"சார், துபாய்ல ஒரு வேலை வருது. இங்க வேலை பாத்ததுக்கு லெட்டர் கேக்குறாங்க. எழுதித் தருவீங்களா?"

உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நேர்மையானவர், உழைப்பாளி, ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர் என்றெல்லாம் ஆங்கிலத்தில் அள்ளிவிட்டேன். பிரிண்ட் எடுத்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். நின்றபடியே கேட்டார்.

"இன்னொரு வரி சேக்கணும் சார்."

தண்ணீர் விடச் சொன்னது யார் என்று எழுதக் கடைசியில் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே அவருடைய ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் கேட்கும். "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"எனக்குக் காங்கிரீட் வேலை தெரியும்னு எழுதுங்க. அந்தம்மா அன்னைக்குத் தெரியாதவன்னு சொல்லிட்டாங்கள்ல. அது ஒண்ணுதான் மனசுல நிக்குது."

எழுதினேன். மிக நன்றாகத் தெரியும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிப் போனார்.

பொய் சொன்னதற்கும் ரிப்போர்ட் எழுதியதற்கும் வெட்கப்படுகிறேன். அவற்றுக்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அவர் கேட்டது அந்த ஒரு வரிதான் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஆறிப்போயிருந்த டீயை எடுத்து, ருசித்துக் குடித்தேன்.